பர்சீம் என்று எல்லோரும் சொன்னோம்

வளைகுடாவில் பண்ணை வேலைக்கும் தோட்ட வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, மண்ணில் எவ்வளவு உப்பு, விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு உங்களிடம் போன் இருக்கிறது. நான் ஒன்று சொல்ல, நீங்கள் அதைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டுப் பெரியவர் தப்பாகச் சொல்கிறார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க, எதற்கு இந்த வம்பு. பயிர் விஷயத்தில் பயிரால் வருகிற தொல்லை கொஞ்சம்தான், மனிதர்கள் பேசிக்கொள்வதால் வருகிற தொல்லைதான் நிறைய. அதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நான் மானுக்குத் தீவனம் வளர்த்தவன். இரண்டாயிரத்து ஐந்தாறு வாக்கில் அல் ஐன் ஊருக்கு வெளியே ஒரு தனியார் பண்ணையில் சூப்பர்வைசராக இருந்தேன். இந்த வேலையை என் ஊரான புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. லீவில் போனபோது என் மச்சினன் கேட்டான், "துபாய்ல என்ன மாமா வேலை?" மானுக்குப் புல் வளர்க்கிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய் என் தங்கையிடம், "ஒட்டகம் மேய்க்கிறதைத்தான் மாமா கவுரவமாச் சொல்றாரு, நீ ஒண்ணும் கேட்டுக்காத" என்று சொல்லியிருக்கிறான். அபுதாபி என்ற பெயருக்கே மானின் தகப்பன் என்றுதான் அர்த்தம் என்று விளக்கிப் பார்த்தேன். மானுக்குத் தகப்பன் இருக்கும்போது நீ எதற்கு என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

பண்ணையின் முதலாளியை நாங்கள் எல்லோரையும் போல அர்பாப் என்போம், நேரில் பாபா என்போம். உயரமான, ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கையில் எப்போதும் ஒரு மெல்லிய பிரம்பு இருக்கும், அது யாரையும் அடிக்க அல்ல, பூமியைத் தட்டி யோசிக்க. அவரிடம் ரீம் என்று அரபிகள் அழைக்கிற மணல் மான்கள் ஒரு கூட்டம் இருந்தது. பெரிய வேலிக்குள் விட்டிருந்தார். லாரியில் அறுத்த புல்கட்டு வரும், தொட்டியில் போடுவோம், மான்கள் வந்து தின்னும். ஒரு நாள் அர்பாப் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"தொட்டியில தின்னா அது ஆடு. நான் வளர்க்கிறது மான்."

அவருக்கு வேண்டியது இது. விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ் கூடத்தின் பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே, வேலிக்குள்ளேயே ஒரு பச்சை வயல். அதில் மான்கள் நின்று மேய வேண்டும். வருஷக்கணக்கில் நிற்கிற பயிராக இருக்க வேண்டும், வெயிலிலும் சாகக்கூடாது. இந்த அடையாளம் எல்லாம் ஒரே ஒரு பயிருக்குத்தான் பொருந்தும். ஆங்கிலத்தில் அல்ஃபால்ஃபா, நம் ஊரில் குதிரை மசால். வேரைக் கிணறு மாதிரி ஆழத்துக்கு இறக்கிக்கொண்டு, அறுக்க அறுக்கத் தழைக்கும்.

அர்பாப் இதைச் சொன்ன இடத்தில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். ஒருவர் எகிப்துக்காரர், விவசாயப் பொறியாளர், மொஹந்திஸ் என்று கூப்பிடுவோம். வாரத்தில் ஒரு நாள் வருவார், கறுப்புக் கண்ணாடியும் அத்தர் வாசனையுமாக. வயலில் இறங்குவதைவிட வயலைச் சுட்டிக் காட்டுவதில் வல்லவர். இன்னொருவன் கான் பாய், பாகிஸ்தானில் பெஷாவர் பக்கத்துப் பட்டாணி இனத்தவன். தண்ணீர் அவன் பொறுப்பு, பிக்கப் வண்டியும் அவன் பொறுப்பு. மூன்றாவது நான்.

அர்பாப் மொஹந்திஸைப் பார்த்து, "பர்சீம்" என்றார். மொஹந்திஸ் முகம் மலர்ந்து, ஆகட்டும் என்கிற மாதிரி, "பர்சீம், தமாம்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பர்சீம், மாலூம்?" தெரியுமா என்று கேட்டார். கான் பாய் அவரைவிட மலர்ந்து, "பர்சீம், மாலூம் மாலூம்" என்றான். எனக்கும் தெரியும். நான் முன்பு யான்புவில் வேலை பார்த்தபோது சவுதிக்காரர்கள் குதிரை மசாலைப் பர்சீம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆக, நான்கு நாட்டுக்காரர்கள் ஒரே வார்த்தையில் உடன்பட்டோம். தம்பிகளே, வளைகுடாவில் இப்படி நான்கு நாட்டுக்காரர்கள் ஒரே வார்த்தையில், ஒரே நிமிஷத்தில் உடன்பட்டால் நீங்கள் உடனே பயப்பட வேண்டும். நான் பயப்படவில்லை, பம்ப்பைப் பிரித்துப் போட்டிருந்த கவலையில் இருந்தேன். விதை வாங்க கான் பாய் பிக்கப்பை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனான்.

குளிர் தொடங்குகிற நேரத்தில் விதைத்தோம். பார்க்கப் பார்க்க முளைத்தது. மூன்று மூன்று இலையாக, பச்சைப் பசேல் என்று, அந்த மணலுக்கே நம்ப முடியாத மாதிரி ஒரு வயல் வந்தது. அதோடு எனக்குத் தலைவலியும் வந்தது. ஏனென்றால் வயலுக்கும் மான்களுக்கும் நடுவில் ஒரு கேட் போட்டிருந்தோம், சாவி என்னிடம். இளம்பயிரில் மானை விட்டால் வேரோடு பிடுங்கித் தின்றுவிடும். மாலையானால் கேட்டுக்கு அந்தப் பக்கம் மான்கள் வரிசையாக வந்து நின்று பச்சையைப் பார்க்கும். இந்தப் பக்கம் அர்பாப் வந்து நின்று பச்சையைப் பார்ப்பார். இரண்டு தரப்பும் பிறகு என்னைப் பார்க்கும்.

"கலாஸ்?" என்பார் அர்பாப். முடிந்ததா, திறக்கலாமா என்று அர்த்தம்.

"மாஃபி கலாஸ், பாபா," என்பேன்.

இது சில நாள் ஓடியது. முதலாளியிடம் தினமும் இல்லை என்று சொல்வது எப்படி என்று எந்தக் காலேஜிலும் பாடம் இல்லை. ஒரு நாள் அவர் குரல் கொஞ்சம் ஏறியது. நான் பதில் சொல்லாமல் அவரை வயலுக்குள் கூட்டிப்போய், ஒரு செடியைக் காட்டி, மான் கடித்து இழுக்கிற மாதிரி இழுக்கச் சொன்னேன். இழுத்தார். வேரோடு கையில் வந்தது. நுனியில் ஈர மணல் ஒட்டியிருந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டுச் சாமானை உடைத்துவிட்டவர் மாதிரி விழித்தார். பிறகு குழி தோண்டி அதைத் திரும்ப நட்டார், அது பிழைக்காது என்று தெரிந்தே. அதற்கப்புறம் கலாஸ் கேட்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒரு முறை தானே வந்து ஒரு செடியை இழுத்துப் பார்ப்பார். இலை மட்டும் கிழிந்து வேர் மண்ணிலேயே நின்ற நாளில் சிரித்துக்கொண்டே பிரம்பால் கேட்டைத் தட்டினார். முதலாளியிடம் இல்லை என்று வாயால் சொல்லாதீர்கள், முடிந்தவரை செடியைச் சொல்லவிடுங்கள். செடிக்கு வேலை போகாது.

கேட் திறந்த அன்று முதலில் காய்ந்த புல்லைப் போட்டு மான்களின் வயிற்றைப் பாதி நிரப்பினோம். வெறும் வயிற்றில் ஈரப் பச்சையை அள்ளித் தின்றால் வயிறு உப்பிச் செத்துவிடும். கொஞ்ச நேரம் மேயவிட்டு வெளியே ஓட்ட வேண்டும், அது கான் பாய் வேலை. ஒரு கிடாமானுக்கு அவன் மேல் என்ன கோபமோ, அவன் ஓட்டினால் அது அவனை ஓட்டும். மஜ்லிஸில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் மானைப் பார்க்க வந்தவர்கள், கான் பாய் வேலி தாண்டுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அர்பாப் அந்தக் குளிர்காலம் முழுக்க சந்தோஷமாக இருந்தார். லாரிப் புல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மொஹந்திஸ் வயலைப் பார்த்து, எங்கள் நைல் கரை மாதிரியே இருக்கிறது என்று கண் கலங்கினார். கான் பாய், எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறது என்று போனில் மனைவியிடம் சொன்னான். இவ்வளவு பேர் ஊர் மாதிரி இருக்கிறது என்கிறார்களே, இது யார் கேட்ட பயிர் என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மார்ச் வாக்கில் ஒரு காலை, பம்ப் ரூமுக்குப் பின்னால் மானின் வாய் எட்டாத வேலி மூலையில் பயிர் பூத்திருந்தது. பூ வெள்ளை.

குதிரை மசால் ஊதாப் பூ பூக்கும். நான் தண்டைக் கிள்ளினேன், கீரைத்தண்டு மாதிரி உள்ளே குழலாக, சாறாக இருந்தது. கான் பாயைக் கூப்பிட்டேன். நானும் அவனும் பேசுவது இந்தியில். என் இந்தியும் அவன் இந்தியும் சேர்ந்தால் ஒரு இந்தி ஆகும்.

"என்ன பூ இது, கான் பாய்?"

"பர்சீம் பூ, பாய்."

"வெள்ளையா இருக்கே?"

"பர்சீம்னா வெள்ளைதான். எங்க ஊர்லயும் வெள்ளை."

"ஊதா வராதா?"

"ஊதா லூசன்ல வரும்."

"லூசன்னா?"

"அது வேற பாய். குதிரைக்குப் போடுவாங்க."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். குதிரைக்குப் போடுகிற லூசன்தான் நம் குதிரை மசால். பிக்கப்பை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டில் விதை விற்ற சாகுல் காக்கா கடைக்குப் போனேன். ராமநாதபுரம் கடற்கரைக்காரர், அங்கே காக்கா என்றால் அண்ணன், முப்பது வருஷமாக அந்த ஊரில் விதையும் உரமும் வாளியும் விற்கிறவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவே இல்லை.

"தம்பி, பட்டாணி வந்து பர்சீம்னு கேட்டாரு. பட்டாணிக்குப் பட்டாணி பர்சீம்தானே குடுக்கணும்? அரபி வந்து பர்சீம்னு கேட்டா அரபி பர்சீம் குடுப்பேன். எங்கிட்ட ரெண்டும் இரிக்கிது."

"ரெண்டும் வேற வேற பயிரா காக்கா?"

"வேற வேறதான். அவுக ஊர்ல அதுக்குப் பேரு பர்சீம், இவுக ஊர்ல இதுக்குப் பேரு பர்சீம். மிஸ்ரிக்கும் பட்டாணிக்கும் ஒரே சரக்கு. அரபிக்குத்தான் வேற. வீட்டுல அவுக ஜத்னு சொல்லுவாக. நீங்க ஒரு போன் அடிச்சிருந்தா கேட்டுட்டுக் குடுத்திருப்பேனே."

மிஸ்ரி என்றால் எகிப்துக்காரர். நாங்கள் வளர்த்தது அவர்கள் ஊர் பர்சீம், குளிர்காலப் பயிர். ஒரே ஒரு பருவம்தான் அதற்கு ஆயுசு. மே மாத வெயில் பட்டால் வயல் முழுக்க வைக்கோல்தான் மிஞ்சும். அந்தப் பயிரைத் தெரிந்த இரண்டு பேரும் அதைப் பார்த்துத் தங்கள் ஊரை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். இது தான் கேட்ட ஜத் இல்லை என்று சொல்லக்கூடியவர் அர்பாப் ஒருவர்தான், அவரோ ஜன்னல் தூரத்திலிருந்தே ரசித்தார். பக்கத்தில் வந்து செடியை இழுத்தபோதும் வேரைத்தான் பார்த்தார், இலையைப் பார்க்கவில்லை.

மொஹந்திஸ் வருகிற நாளில் அவரிடம் சொன்னேன். முதல் தடவையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பாவம், சின்னக் கண்கள். அவர் பிள்ளைகள் அல் ஐனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள், அவருக்கும் வேலை முக்கியம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை. நீ ஒண்ணும் சொல்லாதே. வெயில் வந்தா தானாக் காயும். பாபா கேட்டா, தண்ணி போதலைன்னு சொல்லிக்கலாம்."

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெயில் மேல் பழியைப் போட்டால் வெயில் வந்து சண்டை போடப் போவதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். கான் பாய் வால்வ் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாத்தியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் போதவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? தண்ணீர் விடுகிறவன் யார் என்று வரும்.

அந்தப் பண்ணையில் முன்பு ஒருமுறை பேரீச்சங்குலை உதிர்ந்ததற்குத் தண்ணீர் விட்ட ஒரு வங்காளியைக் கேன்சல் செய்து அனுப்பியிருந்தார்கள். கேன்சல் என்ற வார்த்தையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விசாவை ரத்து செய்து, கையில் டிக்கெட்டைக் கொடுத்து, விமானத்தில் ஏற்றிவிடுவது. நாம் எந்த மொழி பேசினாலும் அந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் புரியும். கான் பாயின் சம்பளத்தை நம்பி ஊரில் அவன் மனைவி, பிள்ளைகள், தம்பி, தம்பி பிள்ளைகள், நடக்க முடியாத அப்பா என்று ஒரு கூட்டமே இருந்தது. அர்பாப் ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு வேறு கதி இல்லை.

இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தப்பு நடந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும்போது, உங்கள் மௌனம் கடைசியில் எவன் தலையில் போய் விழும் என்று ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். உங்கள் தலையில் விழுந்தால் உங்கள் இஷ்டம். அடுத்தவன் தலையில் விழுமென்றால் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். இன்னொன்றும் இருந்தது. ஜத்தை, அதாவது குதிரை மசாலை, விதைக்க அந்தக் குளிர்ச்சி இன்னும் கொஞ்ச நாள்தான் மிச்சம். இப்போதே பாதி வயலை உழுது விதைத்தால், வெயில் முற்றுவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். தள்ளிப்போட்டால் அக்டோபர்தான். நடுவில் அந்தக் கோடை முழுக்க மான்களுக்குப் பச்சை இல்லை.

சொல்வது என்று முடிவானதும் எங்கே வைத்துச் சொல்வது என்று யோசித்தேன். யான்புவில் எனக்கு மேலே இருந்த ஒரு மலையாளி மேனேஜர் கெட்ட செய்தியை ஒருபோதும் ஆபீஸில் சொல்லமாட்டார், முதலாளியை வயலுக்குக் கூட்டிவந்துதான் சொல்வார். ஆபீஸில் கோபம் வந்தால் திட்டுவதற்கு எதிரில் இருக்கிற ஆள் மட்டும்தான், வயலில் திட்டுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது என்பார். அதனால் மொஹந்திஸ் வந்திருந்த நாளாகப் பார்த்து, மார்க்கெட்டிலிருந்து பூத்த ஜத் ஒரு கட்டு வாங்கிவந்து, சாயங்கால அஸர் தொழுகை முடித்து அர்பாப் வெளியே வரும் நேரத்தில் வயல் ஓரத்தில் நின்றேன். நான் என்ன செய்யப் போகிறேன் என்பது மொஹந்திஸுக்குப் புரிந்ததும் அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கான் பாய் வால்வ் பக்கத்தில் இருந்தான்.

ஒரு கையில் வெள்ளைப் பூ, ஒரு கையில் ஊதாப் பூ. காதல் சொல்ல வந்தவன் மாதிரி நிற்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. என்னுடைய உடைந்த அரபியில் ஆரம்பித்தேன்.

"பாபா, இந்தப் பூ ஊதா. இது எத்தனையோ வருஷம் நிக்கும். நம்ம வயல்ல இருக்கிற பூ வெள்ளை. இது கோடை வந்தா செத்துரும்."

அர்பாப் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். ஊதாவைக் காட்டி, "இது ஜத்" என்றார். வெள்ளையைக் காட்டி, "இது என்ன?"

"பர்சீம்," என்று மொஹந்திஸும் கான் பாயும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"நான் கேட்டது ஜத் ஆச்சே."

இந்த இடத்தில் வாய்க்கு வருவது, மன்னிச்சிருங்க பாபா, தப்பு நடந்துபோச்சு என்பதுதான். அப்படிச் சொன்னால் அடுத்ததாகத் தப்பு செய்தவனைத் தேடுவார்கள், அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க கேட்டது பர்சீம், பாபா," என்றேன்.

மொஹந்திஸின் அத்தர் வாசனைகூட நின்றுவிட்டது போல இருந்தது. அர்பாப் பிரம்பால் பூமியை ஒரு தட்டு தட்டினார். இன்னொரு தட்டு. பிறகு மெதுவாக மொஹந்திஸ் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுல நாங்க ஜத்துன்னுதான் சொல்லுவோம். நீ மிஸ்ரி, உனக்கு ஜத்துன்னா தெரியாதுன்னு நினைச்சு, உனக்குப் புரியட்டுமேன்னு உன் பேச்சுல பர்சீம்னு சொன்னேன்."

மொஹந்திஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாபா எங்க ஊர்ப் பயிரையே கேக்கறாரேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. வேற கேள்வியே கேக்கலை."

அவர் கான் பாயிடம் பர்சீம் என்றார். கான் பாய்க்குத் தன் ஊர் வார்த்தையை எகிப்துக்காரர் வாயில் கேட்ட சந்தோஷம். சாகுல் காக்கா பட்டாணிக்குப் பட்டாணிச் சரக்கே கொடுத்தார். நான் அதை எல்லாம் யான்புவில் கேட்ட குதிரை மசாலாகப் புரிந்துகொண்டேன். ஒருவர்கூட அலட்சியமாக இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு எளிதாக இருக்கட்டுமே என்று அவருடைய மொழிக்கு இறங்கிவந்து பேசியதில்தான் வயல் முழுக்க வேறு பயிர் முளைத்தது. அதற்குப் பிறகு இன்றுவரை விதை வாங்கப் போகும் யாரிடமும் நான் பெயரைச் சொல்லி அனுப்புவதில்லை. என்ன நிறத்தில் பூக்கும், எத்தனை வருஷம் நிற்கும், யார் தின்பார்கள் என்று கேட்டு வாங்கிவரச் சொல்வேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பாதி வயலை உழுது ஜத் விதைத்து வேலி போட வேண்டும், மீதிப் பாதியில் மான்கள் வெயில் வரும்வரை மேயட்டும் என்று சொன்னேன். கொஞ்ச நாள் ஜன்னலிலிருந்து பார்த்தால் வெறும் மண்தான் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அர்பாப் வயலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"சரி. இதுக்கு யாரைக் கேன்சல் பண்ணுறது?" என்றார்.

அவர் பிரம்பை நீட்டி ஒவ்வொருவராகக் காட்டினார். "மொஹந்திஸ் சொன்னதைத்தான் கான் கேட்டான். நான் சொன்னதைத்தான் மொஹந்திஸ் கேட்டான். முதல்ல சொன்னது நான். அப்ப என்னைத்தான் கேன்சல் பண்ணணும். கலாஸ்."

சொல்லிவிட்டு இருமுகிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்கிற மாதிரி நானும் மொஹந்திஸும் ஒரு நொடி தாமதமாக, ஆனால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம். மொஹந்திஸ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வேலி எங்கே போடுவது, ட்ராக்டர் எந்தப் பக்கம் வரும் என்று அர்பாபே பிரம்பால் மணலில் கோடு போட ஆரம்பித்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். அந்தக் கோட்டிலேயே நாங்களும் குனிந்து நின்றோம். கான் பாய் அங்கே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கான் பாய்க்குத் தெரிந்த அரபி, தண்ணீர், வா, போ, யல்லா, கலாஸ், அவ்வளவுதான். அர்பாபின் வாயிலிருந்து அவன் காதில் விழுந்தது மூன்றே வார்த்தை. கான். கேன்சல். கலாஸ்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தொழிலாளர் அறைகள் இருக்கிற பக்கத்திலிருந்து நடந்து வந்தான். பெருநாளுக்கு மட்டும் போடுகிற வெள்ளை சல்வார் கமீஸ். தலை சீவியிருந்தான். கையில் கயிறு போட்டுக் கட்டிய பெரிய பை. நேராக எங்களிடம் வராமல் முதலில் வால்வ் பக்கம் போனான். கடைசிப் பாத்தி நிரம்பிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீரை அடைத்தான், பெருநாள் சட்டையில் சேறு படாமல் கையைத் தூக்கிக்கொண்டு. பிறகு வந்து பம்ப் ரூம் சாவியை என் கையில் வைத்தான்.

"பாய், இந்தப் பக்கத்து வால்வ் கொஞ்சம் லீக் ஆகுது. மெதுவாத் திறக்கச் சொல்லு."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. என்ன கான் பாய், யாருக்குக் கல்யாணம் என்றுகூடக் கேட்டுவிட்டேன், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவன் அர்பாப் முன்னால் போய் நின்று, நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னான். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. முதலாளி வாங்கி வைத்திருந்ததை ஒரே ஒரு வார்த்தையில் கேட்டான்.

"பாபா, பாஸ்போர்ட்."

"எங்க போறான் இவன்?" என்று அர்பாப் என்னைக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அதை அரபியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கேன்சல் என்றீர்களே, அதைத் தன்னைச் சொன்னதாக நினைத்துவிட்டான் என்று மூன்று தரம் தப்பும் தவறுமாகச் சொன்னேன். அர்பாபின் முகத்தில் அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப்போனது. செடிக்காகத் தவிர, பிரம்பு கீழே விழுந்தால்கூடக் குனியாத மனிதர் அவர், யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். அவர் குனிந்து கான் பாயின் பையைப் பிடித்தார்.

கான் பாய் பையை விடவில்லை. பண்ணையை விட்டுப் போகிறவர்களின் பையைச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். அதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவன் மண்டியிட்டு அவசர அவசரமாகக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். மேலே மடித்து வைத்திருந்த ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து உதறியும் காட்டினான், உள்ளே ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை என்று.

"லா, லா," என்று அர்பாப் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தச் சட்டையைத் தானே வாங்கி, மடிக்கத் தெரியாத கையால் மடித்து, பைக்குள் வைத்தார். பையைத் தூக்கினார். கனமாக இருந்திருக்க வேண்டும், ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பிறகு அந்த நீண்ட வெள்ளைக் கந்தூரா அங்கியோடு விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்தார்.

பம்ப் ரூமை நோக்கி நடந்தார். இத்தனை வருஷமாகத் தன் பண்ணையில் தூங்கி எழுகிறவனின் அறை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. கான் பாய் ஓடிப்போய் அவருக்கு முன்னால் வந்து, கையால் வலப்பக்கம் காட்டினான். அர்பாப் நின்று, திரும்பி, பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவன் பின்னால் போனார்.